கிரகண நேரத்தில் நான் பிடித்த நிழல்

சில வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்தில் ஒரு காலைப் பொழுது. பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்று சூரிய கிரகணம். எட்டு மணிக்கு மேல் பிடித்து, பதினொரு மணிக்கு மேல்தான் விடும் என்று காலண்டரில் போட்டிருந்தது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கிரகண நேரத்தில் நான் வாசற்படி தாண்டியதில்லை. முதல் நாளே தர்ப்பைப் புல் வாங்கி வைத்துவிடுவேன். இட்லி மாவு, ஊறுகாய், தயிர், தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கிள்ளிப் போடுவேன். ஜன்னல்களைச் சாத்தி, விளக்கேற்றி உட்கார்ந்துவிடுவேன். விட்டதும் தலைக்குக் குளித்து, வீட்டைக் கழுவிய பிறகுதான் அடுப்பு. எங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயிலையும் அன்று நடை சாத்திவிடுவார்கள். சாமியே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில் நமக்கு வெளியே என்ன வேலை என்பதுதான் என் எண்ணம்.

அந்த வருஷம் என் மருமகளுக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்தேன். தாம்பரம் தாண்டும்போது என் கையைப் பிடித்தவள், வீடு வரும் வரை விடவில்லை. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நான் விரதம். இந்தக் குழந்தை நல்லபடி கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மருமகள் பொத்தேரி பக்கம் ஒரு காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறாள். கூடவே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். அவள் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

சூரியன் வெளிச்சம் கொடுப்பது போலவே, கண்ணுக்குத் தெரியாமல் ரேடியோ மாதிரி ஒரு சிக்னலும் கொடுக்கிறதாம். டி.வி.க்கு வைக்கிற மாதிரி ஒரு டிஷ்ஷைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அது கிடைக்கும். வருகிற சிக்னலை ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பலகை எண்களாக மாற்றி, நொடிக்குக் கோடிக்கணக்கில் கம்ப்யூட்டருக்குள் தள்ளும். கிரகணத்தில் சந்திரன் மறைக்க மறைக்க சிக்னல் குறையும், விட விடக் கூடும். அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பிடித்துவிட்டால், சூரியனில் எந்த இடத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடலாமாம்.

"இதுல என்னம்மா கஷ்டம்? வர்றத எழுதிக்க வேண்டியதுதானே?" என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வரும்ல அத்தை. ஹோஸ் ஃபுல்லா வுட்டுட்டான்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டிரம்மு ரொம்பறதுக்குள்ள அடுத்த டிரம்முக்கு மாத்துவேன்."

"ஒரு செகண்டு பக்கத்து வீட்டு அக்காகிட்ட பேச்சு குடுத்தீங்கன்னா?"

"ரோட்டுல போகும்."

"அவ்ளோதான். பலகைதான் லாரி. கம்ப்யூட்டர்தான் நீங்க. கம்ப்யூட்டரு ஒரு கண்ணு சிமிட்டுற நேரம் வேற வேலை பார்த்தாலும் சிந்திடும். சிந்துனா சிந்துனதுதான், திரும்ப அள்ள முடியாது."

எத்தனை சிந்தியது என்று கம்ப்யூட்டரின் மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் காட்டுமாம். அது சைபரிலேயே நிற்க வேண்டும். அதைச் சைபரில் நிறுத்த அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். வாந்தி எடுத்துவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்காருவாள். நம் ஊரில் சூரியன் இவ்வளவு மறைவது இனி எப்போதோ. அவளுடைய இத்தனை வருஷ ஆராய்ச்சியும் அந்த ஒரு காலையை நம்பித்தான் இருந்தது.

காலேஜ் மாடியில் வைத்துச் செய்வதாகத்தான் முதலில் திட்டம். டாக்டரம்மா அலையக் கூடாது என்று சொல்லிவிட்டதால், துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். மொட்டை மாடியில் டிஷ், அதன் பக்கத்தில் பலகை, கம்ப்யூட்டர், நாற்காலி போட்டு அவள்.

நான் சண்டை போடவில்லை. "புள்ளத்தாச்சி கிரகணத்துல மாடிக்குப் போகக் கூடாது" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். பிறகு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. எங்கள் வீட்டில் அது சண்டையைவிடப் பெரியது. மூன்றாம் நாள் என் மகன், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத்தான் கிரகணம் புடிச்சிருக்கு" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அன்று சாயங்காலம் மருமகளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பலகைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் வயர் ஒரு முழம்தான் இருக்க வேண்டும், நீளமாக்கினால் எண்கள் சிந்தும். ஆனால் டிஷ்ஷிலிருந்து பலகைக்கு வரும் வயரை வேண்டுமானால் நீட்டிக்கொள்ளலாம், வழியில் சிக்னலைத் தூக்கிவிட ஒரு டப்பா வைக்க வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், கொஞ்சம் வேலைதான் என்றாள். "நான் உள்ளேயே இருக்கேன் அத்தை. மேல டிஷ்ஷை அவர் பார்த்துப்பார். நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க."

அப்படியே செய்தார்கள். மாடியிலிருந்து வயர் இறங்கி, பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக நடு அறைக்குள் வந்தது. அந்த அறைக்கு இருக்கும் ஒரே ஜன்னலையும் நான் கம்பளி போட்டு மூடினேன்.

கிரகணத்தன்று விடிந்ததும் என் வீட்டுக்காரர் கடலில் முழுகுவதற்காகக் கோவளம் கிளம்பிவிட்டார். நாங்கள் மூன்று பேர்தான் வீட்டில். மருமகளுக்கு நேரத்தோடு இட்லி கொடுத்து, தர்ப்பையை எடுத்துக்கொண்டு சமையலறையை முடித்து, நடு அறைக்கு வந்தேன். மேஜை மேல் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் அலுமினிய டப்பாவில் பலகை. டப்பாவின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஃபேன், கொசு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. மாடி வயர் அந்த டப்பாவுக்குள் போய் முடிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"ஏம்மா, இந்த வயர்ல வர்றது சூரியன்தானே?"

"ஆமா அத்தை."

"கிரகணம் புடிச்ச சூரியன்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளா, யோசித்தாளா, தெரியவில்லை. "டப்பா மேல ஒண்ணு வைங்க அத்தை. எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டினாள். அவள் தலையில் ஒன்றைச் செருகினேன். டப்பாவின் மேல் வைத்தது வழுக்கி வழுக்கி விழுந்தது. விழாமல் இருக்கட்டும் என்று பக்கவாட்டில் இருந்த கம்பித் துவாரத்தில் குத்தி நிறுத்தினேன். அது ஃபேனின் வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் என் மகனுக்கு ஒரே வேலை. சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா, அதற்கு ஏற்ப டிஷ்ஷையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். யாரும் சூரியனை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லாமல் மருமகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். டிஷ்ஷோடு சேர்த்து ஒரு அட்டை, அதன் முன்னால் ஒரு குச்சி. குச்சி நுனியின் நிழல், அட்டையில் பேனாவால் போட்ட வட்டத்துக்குள் விழ வேண்டும். நிழல் வட்டத்தை விட்டு வெளியே போனால் சிக்னல் போய்விடும்.

கிரகணம் பிடித்தது. இருட்டறையில் திரை வெளிச்சம் மட்டும். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெதுவாக ஊர்ந்தது. மூலையில் சிவப்புக் கட்டத்தில் சைபர். "அத்தை, அந்த சைபரை மட்டும் பார்த்துட்டே இருங்க" என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். நான் ஸ்லோகத்தைச் சொல்லிக்கொண்டே, சாமி படத்தைப் பார்ப்பது போல அந்தச் சைபரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு இறங்க ஆரம்பித்தது. மாடியில் இருக்கும் வெயில் எப்படிக் குறைகிறது என்பதை, கம்பளி போட்ட அறைக்குள் உட்கார்ந்து என்னால் பார்க்க முடிந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். சைபர் இருந்த இடத்தில் வேறு எண் வந்தது.

நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று கண்ணைத் துடைத்தேன். அது பெரிதாகிக்கொண்டே போனது. "ஏம்மா" என்பதற்குள் அவளும் பார்த்துவிட்டாள். விரல்கள் பட்டன்களின் மேல் ஓடின. எண் நிற்கவில்லை. பச்சைக் கோடு துண்டு துண்டானது, பிறகு நின்றே போய்விட்டது. அவள் டப்பாவின் மேல் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தாள். இட்லித் தட்டு போலச் சுட்டதாம். அப்போதுதான் இரண்டு பேருக்கும் காதில் உறைத்தது, கொசுச் சத்தம் இல்லை.

தர்ப்பையின் பாதி மெல்ல மெல்லத் துவாரத்துக்குள் இழுபட்டுப் போய் ஃபேனைச் சுற்றி இறுக்கியிருந்தது. நான் பதறி இழுத்தேன். வெளியே இருந்த பாதி என் கையோடு வந்தது. உள்ளே போனது உள்ளேயே நின்றது.

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நேராக ஸ்க்ரூ டிரைவரையும் சின்னக் கத்தியையும் எடுத்தாள். டப்பாவைக் கழற்றி, புல்லை அறுத்து எடுக்க வேண்டும்.

கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தி தொட்டால், ஊசி தொட்டால், பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "வேணாம்மா. உன் காலுல வேணா வுழறேன். நீ தொடாத. அவன் வந்து கழட்டட்டும்."

"அவர் கீழ வந்தா மேல டிஷ்ஷை யாரு அத்தை திருப்புவாங்க?" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. "இப்பதான் ரொம்ப மறைஞ்சிருக்கிற நேரம். சூரியன் நிக்காது அத்தை."

அவள் கையை நான் விடவில்லை, அவளும் கத்தியை விடவில்லை. ஒரு பக்கம் வயிற்றில் குழந்தை. மறுபக்கம் அவள் வாந்தியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த அத்தனை நாளும். எனக்காக அறைக்குள் வந்து உட்கார்ந்தவள். தலையில் நான் செருகிய புல் இன்னும் அப்படியே இருந்தது.

"நான் போறேன்" என்றேன்.

"அத்தை?"

"மாடிக்கு நான் போறேன். அவன கீழ அனுப்பறேன். நீ கத்திய கீழ வை."

கத்தி மேஜை மேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் சாமி பெயரைச் சொன்னேன். கடைசிப் படியில் ஒரு கணம் நின்றேன். மனசுக்குள், எது வந்தாலும் எனக்கு வரட்டும், அந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே கால் வைத்தேன்.

வெயிலும் இல்லை, மேக மூட்டமும் இல்லை. சாயங்காலமும் இல்லாத, விடியலும் இல்லாத ஒரு வெளிச்சம். காக்காய்கள் ஒன்றும் கத்தவில்லை. என் மகன் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றான். "ஃபேன்ல தர்ப்பை மாட்டிக்கிச்சு. போ, நான் பார்த்துக்கறேன்" என்றேன். "இந்த நிழல் இந்த வட்டத்துக்குள்ள இருக்கணும். லேசா, ரொம்ப லேசா தள்ளணும்மா" என்று என் கையை டிஷ்ஷின் ஓரத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

நான் தலையைக் குனிந்தே நின்றேன். நிழலும் வட்டமும்தான் உலகம். தரையில் என்னவோ மின்னுகிறதே என்று பார்த்தால், பக்கத்து வீட்டு வேப்பமரத்து இலைகளின் வழியே எங்கள் மாடியில் விழுந்திருந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பிறை பிறையாக இருந்தன. என் காலடியில், என் புடவையில், நூற்றுக்கணக்கான குட்டிப் பிறைகள். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின. உடம்பு சிலிர்த்தது. பயந்து சிலிர்த்ததா, வேறா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எதிர் வீட்டு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது.

"யக்கா, கிரகணம் புடிச்சிகினு கீது, மொட்ட மாடில இன்னா பண்றே?"

"துணி காயப் போடறேன்."

"வெயிலே இல்லாதப்பவா? வூட்ல புள்ளத்தாச்சிய வச்சிகினு, உள்ள போக்கா."

"நீ மட்டும் ஏண்டி ஜன்னலத் தொறந்தே?"

ஜன்னல் டப்பென்று சாத்திக்கொண்டது. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த நேரத்தில் நிழல் வட்டத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பதறித் தள்ளினேன், அதிகமாகிவிட்டது. திரும்ப இழுத்தேன். கை நடுங்க நடுங்க நிழலும் நடுங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மேகம் வந்தது. இருந்த வெளிச்சமும் மங்கி, நிழல் கரைந்து போனது. வட்டம் மட்டும் காலியாக இருந்தது. சிக்னலுக்கு மேகம் தடையில்லை, எனக்குத்தான் தடை. எவ்வளவு தள்ளுவது, எப்போது தள்ளுவது? அண்ணாந்து பார்க்கவும் கூடாது. கீழே என்ன ஆனது என்றும் தெரியாது. அப்போது யோசித்தேன். நான் தினமும் சொல்லும் ஸ்லோகத்துக்கு ஒரே வேகம்தான், அதற்குள் ஒரு உலை கொதித்துவிடும். நிழல் இருந்தபோது ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் எவ்வளவு தள்ளினேன் என்பது கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு தடவை சொல்வது, மயிரிழை அளவு தள்ளுவது. மறுபடியும் சொல்வது, தள்ளுவது. நிழல் திரும்பி வந்தபோது வட்டத்தின் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டேன்.

"அம்மா, ஓடுது" என்று படியிலிருந்து மகன் குரல் கேட்டது. "ஃபேனு போச்சு. டேபிள் ஃபேன் வெச்சா அதோட மோட்டார் சிக்னல்ல இடிக்குதாம். மூடியத் தொறந்து வெச்சு நான் விசிறியால வீசிக்கினு கீறேன். நீ இன்னும் கொஞ்ச நேரம் நிப்பியாம்மா?"

நிற்கிறேன் என்றேன். கிரகணம் முழுக்க விடும் வரை நின்றேன். கீழே என் மகன் விசிறியை நிறுத்தவில்லை, மருமகள் திரையை விட்டு எழவில்லை. பிறைகள் மெல்லக் கொழுத்து, மறுபடி வட்டமாகின. ஒரு காக்காய் கத்தியது. வெயில் சுள்ளென்று முதுகில் ஏறியது.

முட்டி மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்வாளோ என்று இருந்தது எனக்கு. நடுவில் கொஞ்சம் சிந்தியது போனதுதான், மீதி எல்லாம் வந்துவிட்டது என்றாள். பிறகு, "வெந்நீர் வெளாவி வெச்சிருக்கேன் அத்தை. முதல்ல தலைக்கு ஊத்திக்கோங்க. அப்புறம்தான் அடுப்பு பத்த வைக்கணும், இல்ல?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

தை மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை நான் நிம்மதியாகத் தூங்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. நர்ஸ் துணியை விலக்கியதும் நான் முதலில் பார்த்தது உதட்டைத்தான். சின்னதாக, சிவப்பாக, முழுசாக இருந்தது. அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். இப்போது அவள் ஸ்கூலுக்குப் போகிறாள். அந்த உதட்டை வைத்துக்கொண்டு வாய் மூடுவதே இல்லை.

கிரகணம் ஒன்றும் செய்யாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இன்றும் கிரகணம் வந்தால் தர்ப்பை வாங்குகிறேன், ஜன்னல் சாத்துகிறேன். ஃபேன் இருக்கும் எதிலும் மட்டும் செருகுவதில்லை.

மருமகளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்தக் கோட்டைப் பெரிதாக அச்சடித்து எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறாள். ஒரு பள்ளத்தாக்கு போல வழவழவென்று இறங்கி வருகிறது, அடியில் ஒரு சின்ன இடைவெளி, அதன் பிறகு ஏறும் பக்கம் முழுக்க லேசாக நடுங்கிக்கொண்டே போகிறது. பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு நடத்த வந்த பெரியவர் ஒருவர், ஏறும் பக்கம் மட்டும் ஏன் இப்படி நடுங்குகிறது என்று கேட்டாராம். "அது எங்க அத்தை கை, சார்" என்று சொன்னாளாம். சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்த நடுங்கும் கோடு என் கண்ணில் படுகிறது; பயத்தோடு நின்றாலும் நிழலை விடாமல் நின்றாயே என்று யாரோ சொல்வது போல இருக்கிறது, அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.